மார்செல் வர வேண்டிய இடம்

ரேமோந்துக்கு பட்டாணியே புடிக்காது. திங்கவும் புடிக்காது, பாக்கவும் புடிக்காது. ஆனா பிரான்ஸ்ல, பிரிட்டனிப் பக்கம், கார்யே ஊருக்கு வெளிய காய்கறியை டின்ல அடைக்கிற ஃபேக்டரியில பெல்ட் முன்னாடி நின்னு நின்னு, அவ வாழ்க்கையில பாதி பட்டாணியோடதான் போச்சு. ஜூன் மாசம் வந்தா போதும், எல்லா வயலும் ஒரே சமயத்துல காய்ச்சு நிக்கும். லாரி லாரியா வந்து கொட்டுவாங்க. பெல்ட் நிக்காம ஓடும். சொத்தை, காம்பு, கல்லு, சில சமயம் ஒரு நத்தை, எல்லாத்தையும் கையாலதான் பொறுக்கணும். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் பச்சையா ஓடிக்கிட்டே இருக்கும்.

"கனவுல கூட பட்டாணிதான் வருது"ன்னு ஒருநாள் புருஷன்கிட்ட சொன்னா.

அவ புருஷன் ஜோப் பால் டேங்கர் ஓட்டுறவர். "எனக்குக் கூடத்தான் மாடு வருது. நான் என்னிக்காவது உன்கிட்ட புலம்பினேனா?"ன்னு கேட்டாராம்.

பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் ரேமோந்த். அந்தப் பக்கம், நேர் எதிர்ல, மார்செல்.

இவங்க ரெண்டு பேரும் எப்போ சிநேகிதம் ஆனாங்கன்னு கேட்டா அவங்களுக்கே தெரியாது. ரெண்டு பேர் பண்ணைக்கும் நடுவுல ஒரே ஒரு வேலிதான். பிரெஞ்சு மட்டுமே பேசணும்கிற பள்ளிக்கூடத்துக்கு சேர்ந்துதான் போனாங்க. வீட்டுல பேசுற ப்ரெத்தோன் பாஷையை அங்க பேசினதுக்காக சேர்ந்துதான் மூலையில முட்டி போட்டாங்க. உருளைக்கிழங்கு தோண்டுற சீசன்ல பக்கத்துப் பக்கத்து வரிசையில குனிஞ்சுக்கிட்டே பாட ஆரம்பிச்சவங்கதான், அப்புறம் நிறுத்தவே இல்ல.

அவங்க ஊர்ப் பாட்டு தனியா பாடுற பாட்டு இல்ல. ஒருத்தி ஒரு வரி பாடுவா. அந்த வரியோட கடைசி ரெண்டு சொல்லு வரும்போதே அடுத்தவ உள்ள வந்து, கூடவே சேர்ந்து பாடி, அதே வரியை மறுபடி எடுத்துக்கிட்டுப் போவா. அவ முடிக்கிற இடத்துல முதல் ஆளு உள்ள வருவா. அந்த சேர்ற இடத்துலதான் மூச்சு வாங்கிக்கணும். அதனால பாட்டுல எங்கேயும் ஓட்டை இருக்காது, கயிறு திரிக்கிற மாதிரி போய்க்கிட்டே இருக்கும். ஜனங்க கையைக் கோத்துக்கிட்டு ஆடுவாங்க. ஆடுறவங்க கால் ஓயுற வரைக்கும் பாட்டும் ஓயாது.

எடுத்துக் கொடுக்கிறது எப்பவும் ரேமோந்த். வாங்கிக்கிறது எப்பவும் மார்செல். ரேமோந்த் குரல் கணீர்னு, கத்தி மாதிரி. மார்செல் குரல் கொஞ்சம் கரகரன்னு, கம்பளி மாதிரி. பெல்ட் சத்தத்துக்கு மேல ரெண்டு பேரும் பாடினா, அந்த லைன்ல நின்ன மத்த பொம்பளைங்க கால் தானா தட்டும். சூப்பர்வைசர் கூட ஒண்ணும் சொல்லமாட்டாரு. பாட்டு இருந்தா பட்டாணி வேகமா போகுதுன்னு அவருக்குத் தெரியும்.

அப்படி இருந்தவங்க பேசாம போனாங்க. அதுவும் எதுக்கு? ஒரு பாட்டுக்கு.

ஒரு குளிர்காலம், பக்கத்து ஊர் ப்ளூனெவெசெல் மண்டபத்துல ஆட்டம். ரேமோந்துக்கு தொண்டை சுத்தமா கட்டிப் போச்சு. பேச்சே வரல. ஆனாலும் வீட்டுல இருக்க மனசு இல்லாம, காபி ஊத்துற மேஜையில போய் நின்னா. மண்டபம் நிரம்பி வழிஞ்சுது. ஜனங்க "பாட்டு, பாட்டு"ன்னு தரையை உதைக்க ஆரம்பிச்சாங்க. மார்செல் தூரத்துலேர்ந்து ரேமோந்தைப் பாத்தா. ரேமோந்த் தொண்டையைத் தொட்டுக் காட்டி முடியாதுன்னு தலையாட்டினா. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா, மேடையில மார்செல். அவ கையைக் கோத்துக்கிட்டு தபால் ஆபீஸ் சிமோன்.

ரேமோந்த் காபி ஜாடியை கீழ வெச்சா, கோட்டை எடுத்தா, வெளிய போய் கதவைச் சாத்தினா. முதல் வரி கூட முழுசா கேக்கல.

நமக்கு இது சின்ன விஷயமா தெரியலாம். அங்க அப்படி இல்ல. சேர்ந்து பாடுற ஜோடின்னா, அது கிட்டத்தட்ட கல்யாணம் மாதிரி. புருஷன் வேற ஒருத்திகூட ஆடினா மன்னிச்சிடுவாங்க. இதை மன்னிக்க மாட்டாங்க.

திங்கக்கிழமை பெல்ட்ல ரேமோந்த் சொன்னது ஒரே வார்த்தை. "நல்லா பாடியிருப்பீங்க."

"நீயும் அங்கதானே இருந்த."

"நான் போயிட்டேன்."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேச்சு இல்ல. எதிர் எதிர்ல நின்னு, மூஞ்சியைப் பாத்துக்கிட்டே, ரெண்டு பட்டாணி சீசன் ஓடிப் போச்சு. நடுவுல பீன்ஸ் சீசனும்தான். ஏதாவது சொல்லணும்னா பக்கத்துல நிக்கிறவகிட்ட சொல்லுவாங்க. "கல்லு வருதுன்னு அவகிட்ட சொல்லு." "பாத்துட்டேன்னு இவகிட்ட சொல்லு." நடுவுல நின்ன பொம்பளைக்கு தலைவலி வந்ததுதான் மிச்சம்.

எழுபத்தாறாம் வருஷம். பிரிட்டனிக்கு மழையே வராத வருஷம், அதை யாரும் மறக்க மாட்டாங்க. புல்லு காய்ஞ்சு சணல் மாதிரி ஆயிடுச்சு, மாடெல்லாம் ரோட்டோரம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கும். அந்த வெயில்லதான் ரேமோந்தோட அக்கா பையன் குல்வென் அவ வீட்டுக்கு வந்தான். தோள் வரைக்கும் முடி. கையில பொம்பார்த் வெச்ச தோல்பை. பொம்பார்த்துன்னா நம்ம நாயனத்தோட தம்பின்னு வெச்சுக்குங்க, ஆளு சின்னது, சத்தம் பெருசு.

அவனும் மூணு பசங்களும் சேர்ந்து ஒரு பேண்ட் வெச்சிருந்தாங்க. பேரு ப்ரீனி. காக்காங்கன்னு அர்த்தம். கரண்ட் கிதார், ட்ரம்ஸ், கூட இந்த பொம்பார்த். ஊர்ப் பாட்டை எடுத்து இடி மாதிரி வாசிப்பாங்க. முதல் தடவை மண்டபத்துல வாசிச்சப்ப வயசானவங்க எல்லாம் காதைப் பொத்திக்கிட்டாங்க. அப்புறம் காதைப் பொத்திக்கிட்டே எழுந்து ஆடினாங்க.

"சித்தி, ஆல்பம் போடறோம்"னான் குல்வென். "கெண்ட் அர் க்ளாவ்."

மழைக்கு முன்னாடின்னு அர்த்தம். அந்த வருஷத்துக்கு வேற என்ன பேரு வெப்பாங்க.

"போடுங்க. எனக்கென்ன?"

"தையக்காரன் பாட்டு நீ பாடணும். அதுக்கு கீழ நாங்க வாசிப்போம்."

ஜோப் ஜன்னலோரம் உக்காந்து ஆப்பிள் சைடர் குடிச்சுக்கிட்டு இருந்தார். "இவளுக்குக் கீழ வாசிக்கணும்னா நீங்க கிணத்துக்குள்ள இறங்கித்தான் வாசிக்கணும். அவ்ளோ சத்தம்"னார்.

குல்வென் சிரிச்சான். அப்புறம் மெதுவா கேட்டான். "மார்செல் பெரியம்மாவும் வந்தா..."

"அவ எதுக்கு? நான் ஒருத்தி போதும்."

அதுதான் விஷயம். அவளுக்கு ஆல்பமும் தெரியாது, ராக் மியூசிக்கும் தெரியாது. மார்செல் இல்லாமலும் தன்னால பாட முடியும்னு காட்டணும். ஊருக்குக் காட்டணும், முக்கியமா மார்செலுக்குக் காட்டணும். ரேடியோல வரும். அவ சமையல்கட்டுல நின்னு கேப்பா. கேக்கட்டும்.

ஸ்டுடியோன்னு பேருதான். ஃபேக்டரியிலேர்ந்து கொஞ்ச தூரத்துல, விதை உருளைக்கிழங்கு போட்டு வெச்சிருந்த ஒரு பழைய கிடங்கு. மூடிப்போன கன்னியாஸ்திரி விடுதியிலேர்ந்து மெத்தையெல்லாம் வாங்கிட்டு வந்து எதிரொலி வராம இருக்க செவுத்துல ஆணி அடிச்சு மாட்டியிருந்தாங்க. ஒரு மெத்தையில யாரோ ஒரு பொண்ணு தன் பேரை சிவப்பு நூலால தைச்சு வெச்சிருந்தா. நாந்த் நகரத்துலேர்ந்து லூசியான்னு ஒரு சவுண்ட் இன்ஜினியர் தன் மெஷினோட வந்து தங்கியிருந்தார். மெல்லிசா, மரியாதையா பேசுற ஆளு. சனிக்கிழமை சாயங்காலம் மெஷினைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவார். அதுக்குள்ள எல்லாம் முடியணும்.

ரேமோந்த் வந்து இறங்கினது பால் டேங்கர்ல. சர்ச்சுக்குப் போற கருப்பு கோட்டு போட்டிருந்தா, அந்த வெயில்ல.

ஹெட்ஃபோனை மாட்டினாங்க. கண்ணை மூடினா. பாடினா.

*தையக்காரன் சந்தைக்குப் போனான் குதிரை வாங்கலாம்னு...*

ஒரு வரி. அடுத்த வரி. அதுக்கடுத்த வரி. தயங்காம, ஒரு பிசிறு இல்லாம. பசங்க எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாங்க. முடிச்சதும் ஹெட்ஃபோனைக் கழட்டி மேஜை மேல வெச்சுட்டு, "அவ்ளோதானே?"ன்னு கேட்டா.

லூசியான் கொஞ்சம் தயங்கினார். "மதாம், ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு வரியும் முடியுற இடத்துல குரலை விட்டுடுறீங்களே, அது அப்படித்தானா?"

"நானா? நான் எங்க விட்டேன்?"

"தப்பா சொல்லல. எனக்கு இந்தப் பாட்டு பழக்கம் இல்ல, அதான் கேக்கறேன்."

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. முழுசாத்தான் பாடினேன். உங்க மெஷினைப் பாருங்க."

அவர் டேப்பைத் திருப்பிப் போட்டார்.

ரேமோந்த் தன் குரலை வெளியிலேர்ந்து கேட்டதே அதுதான் முதல் தடவை. கணீர்னு வருது. வரி நடக்குது. *குதிரை வாங்...* அங்க வந்ததும் கை தளர்ற மாதிரி குரல் தானா இறங்குது, ஒதுங்குது, கதவைத் திறந்து விட்டுட்டு தள்ளி நிக்குது. அப்புறம் ஒண்ணும் இல்ல. வெறும் காத்து. அப்புறம் அடுத்த வரி. மறுபடி அதே இடத்துல ஒதுங்கி நிக்குது. ஒவ்வொரு வரியிலயும். யாருக்கோ இடம் விட்டு.

அவளுக்குத் தெரியவே இல்ல. சின்ன வயசுலேர்ந்து அந்த இடத்துல மார்செல் வந்தா. உடம்பு அப்படியே பழகிப் போச்சு. மனசு சண்டை போட்டுடுச்சு, தொண்டைக்கு யாரும் சொல்லல.

மறுபடி பாடினா. கடைசி வரைக்கும் இழுத்துப் பிடிச்சுப் பாடினா. ரெண்டாவது சரணத்துல மூச்சு முட்டி இருமிட்டா. அவளையே ரெண்டு தடவை பாட வெச்சு, ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பாத்தாங்க. அவளுக்கு அவளே பதில் சொல்ற மாதிரி.

வாசல்ல நின்னு கேட்ட ஜோப், "பஸ் ஸ்டாப்புல தனக்குத்தானே பேசிக்கிட்டு நிக்கிற பொம்பளை மாதிரி இருக்கு"ன்னார். யாரும் சிரிக்கல. ஏன்னா அப்படியேதான் இருந்துச்சு.

"பரவால்ல சித்தி. அந்த இடத்துல நான் பொம்பார்த் ஊதிடறேன்"னான் குல்வென். ஊதினான். அழகாத்தான் இருந்துச்சு. ரேமோந்த் தலையைக் குனிஞ்சுக்கிட்டு கோட்டுப் பட்டனைப் போட்டா, கழட்டினா, மறுபடி போட்டா. அப்புறம், "வேணாம். நாளைக்கு சொல்றேன்"னு கிளம்பிட்டா. டேங்கர்ல வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியே உக்காந்திருந்தா. ஜோப் எதுவும் கேக்கல. அவர் நல்ல மனுஷன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெல்ட் ஓடுது. அந்த மெஷின் சத்தத்துல ரகசியமா எதுவும் பேச முடியாது. பேசினா கத்தித்தான் பேசணும், கத்தினா லைன்ல எல்லாருக்கும் கேக்கும். ரெண்டு சீசன் பேசாம இருந்தவ, முதல் வார்த்தையையே ஊரைக் கூட்டித்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு.

"மார்செல்."

மார்செல் தலை நிமிராம பொறுக்கிக்கிட்டே இருந்தா.

"மார்செல், உன்னைத்தான்டி."

"பட்டாணியைப் பாரு. நத்தை போகுது."

"போகட்டும். நான் பாடினதைக் கேட்டேன். டேப்புல."

"தெரியுமே. கிதார்காரங்களோட குடித்தனம் பண்றியாமே. ஊரே சொல்லுது."

லைன்ல யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. ரேமோந்த் விடல. "பாட்டு தனியா நிக்க மாட்டேங்குது."

"ஏன், கிதாரு பதில் சொல்லலையா?"

"சொல்லுது. எனக்கு அது பத்தல."

"அப்போ சிமோனைக் கூட்டிக்கிட்டுப் போ."

"சிமோன் உன் ஆளு. எனக்கு எதுக்குடி?"

மார்செல் கை நின்னு போச்சு. அவளுக்கு முன்னாடி பட்டாணி பொறுக்காம அப்படியே ஓடுச்சு. "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்கு யாருமே சொல்லலையா?"

ரேமோந்த் சுத்திப் பாத்தா. எல்லாப் பொம்பளைங்களும் திடீர்னு ரொம்ப சிரத்தையா பட்டாணி பொறுக்கினாங்க. யார் சொல்லுவா? சிமோன் பேரை எடுத்தாலே ரேமோந்த் எழுந்து போயிடுவா.

"நீ பாட்டுக்கு கதவைச் சாத்திக்கிட்டுப் போயிட்ட"ன்னா மார்செல். "நான் அங்க மேடையில நிக்கறேன். சிமோன் பாடறா. பாடறா. எனக்கு இடமே விடல சாமி, ரயிலு மாதிரி போய்க்கிட்டே இருக்கா. நான் எங்க நுழையறது? நீ மூச்சு விடுற இடத்துக்காக காத்துக்கிட்டு நிக்கறேன். அது வரவே இல்ல. ஆடறவங்க கால் எல்லாம் குழம்பிப் போச்சு. ஆட்டம் அறுந்துடுச்சுடி. மண்டபம் பூரா ஒருத்தர் மேல ஒருத்தர். மேயர் பொண்டாட்டி விழுந்துட்டா."

"மேயர் பொண்டாட்டியா?"

"முட்டியில அடி. ஈஸ்டர் வரைக்கும் நொண்டினா."

ரேமோந்த் உதட்டைக் கடிச்சுக்கிட்டா. சிரிப்பை அடக்கணும்னுதான் பாத்தா. முடியல. எதிர்ல மார்செலுக்கும் முடியல. சூப்பர்வைசர் ஓடி வந்தப்ப லைன் பூரா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அந்த நத்தை எந்த டின்னுல போச்சோ, எங்கயோ லியோன் பட்டணத்துல யார் சாப்பிட்டாங்களோ, இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

ஆனா சிரிச்சது வேற, வரேன்னு சொல்றது வேற. "நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஜோப் டேங்கர் வரும். கிடங்குக்குப் போய் பாடிட்டு, மறுபடி சைரன் ஊதுறதுக்குள்ள வந்துடலாம்"னு ரேமோந்த் சொன்னப்ப, மார்செல் மூஞ்சி மறுபடி மூடிக்கிச்சு.

"ரெண்டு சீசன் என்னை செவுறு மாதிரி பாத்தியேடி."

ரேமோந்த் ஒத்தைக் கல்லைப் பொறுக்கி வாளியில போட்டா.

"பாக்கலாம்"னா மார்செல்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு சைரன் ஊதிச்சு. ரேமோந்த் ஏப்ரனைக் கூட கழட்டாம டேங்கர்கிட்ட போய் நின்னா. பொம்பளைங்க எல்லாம் வெளிய வந்தாங்க. மார்செலும் வந்தா. டேங்கரை ஒரு பார்வை பாத்தா. சைக்கிளை எடுத்தா, ஏறினா, எதிர்ப் பக்கமா போயிட்டா.

ஜோப் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம உக்காந்திருந்தார். "போலாமா, காத்திருக்கலாமா?"

"போலாம். பொம்பார்த்தே ஊதட்டும்."

அப்படி சொன்னாளே தவிர, கண்ணு ரோட்டைப் பாக்கல. மடியில கையை வெச்சு, விரல்ல ஒட்டியிருந்த பச்சையைச் சுரண்டிக்கிட்டே வந்தா.

கிடங்கு வாசல்ல திரும்பினா, செவுத்துல சாஞ்சு ஒரு சைக்கிள் நிக்குது. பக்கத்துல மார்செல், புழுதியில குளிச்ச மாதிரி, ரொட்டி தின்னுக்கிட்டு நிக்கறா.

"வயல் வழியா குறுக்கே வந்தேன்"னா. "அந்த வண்டியில பால் நாத்தம். எப்படித்தான் இந்த ஆளோட படுக்கறியோ."

"ஜன்னலைத் திறந்து வெச்சுக்குவோம்"னார் ஜோப்.

உள்ள லூசியான் ரெண்டு மைக் வெச்சிருந்தார், நடுவுல ஒரு மெத்தை. ரெண்டு பேரும் அந்த மெத்தையைப் பாத்தாங்க. ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கி ஓரமா வெச்சுட்டு, ஒரே மைக் முன்னாடி வந்து நின்னாங்க. மார்செல் எப்பவும் போல வலது பக்கம். கையை நீட்டி ரேமோந்த் கையைக் கோத்துக்கிட்டா. பட்டாணிச் சாறு காய்ஞ்ச கை, ரெண்டுமே.

"யாராவது ஆடணும்"னா ரேமோந்த். "கால் சத்தம் இல்லாம நான் எப்படிப் பாடறது?"

பசங்க கையில வாத்தியம். இருந்தது ஜோப் ஒருத்தர்தான். அவர் இடுப்பு பெல்ட்டை இழுத்து விட்டுக்கிட்டு, கிடங்கு நடுவுல ஒத்த ஆளா போய் நின்னு, பக்கத்துல யாரோ இருக்கிற மாதிரி ரெண்டு கையையும் மடக்கிக்கிட்டார்.

ரேமோந்த் எடுத்தா. *தையக்காரன் சந்தைக்குப் போனான் குதிரை வாங்...* குரல் இறங்கி ஒதுங்குது. அங்க, சரியா அங்க, மார்செல் வந்தா.

இதை எப்படி எழுதுறதுன்னே தெரியல. அந்த ஆல்பத்தைக் கேட்டவங்களுக்குத் தெரியும். கணீர்னு ஒரு குரல் போய்க்கிட்டே இருக்கும்போது கீழேர்ந்து கரகரன்னு இன்னொண்ணு ஏறி வரும், எது எங்க முடிஞ்சுது எது எங்க ஆரம்பிச்சுதுன்னு தெரியாது, முதுகுல முடி எல்லாம் நின்னுடும். முதல்ல ரெண்டு குரல் மட்டும். கூட ஜோப் பூட்ஸ் சத்தம். அப்புறம் ட்ரம்ஸ் மெதுவா அந்த பூட்ஸோட சேந்துக்கும். அப்புறம் திடீர்னு கிதார் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போகும் பாருங்க, காய்ஞ்ச புல்லுல தீ பிடிச்ச மாதிரி. இவ்வளவு சத்தத்துலயும் அந்த ரெண்டு பொம்பளைங்க அசையல. தையக்காரன் குதிரை வாங்கினான், குதிரை ஓடிப் போச்சு, சேணத்தை முதுகுல சுமந்துக்கிட்டு வீட்டுக்கு வரான். சரணம் மேல சரணம்.

மெஷினுக்கு முன்னாடி வெச்சிருந்த கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலேர்ந்து லூசியான் கையை ஆட்டினார். டேப் தீரப்போகுதுன்னு விரலைச் சுத்திக் காட்டினார். ரேமோந்தும் மார்செலும் கண்ணை மூடியிருந்தாங்க. குல்வென் பாத்தான். கிதார் வாசிச்ச பையன் பாத்தான். ஆனா எதிர்ல ஒருத்தர் ஆடிக்கிட்டு இருக்கார். ஆடறவர் காலு ஓயாம பாட்டை எப்படி நிறுத்தறது? அந்த ஊர்ல பொறந்தவன் எவனும் செய்ய மாட்டான். ஜோப்பும் லூசியான் கையை ஆட்டினதைப் பாத்தார். ஆனா பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போது ஆடறவன் எப்படி நிக்கறது? அதை அவர் செத்தாலும் செய்ய மாட்டார். அவங்க அவருக்காக பாடறாங்க, அவர் அவங்களுக்காக ஆடறார். டேப் தீந்து, ரீல் வெறுமனே படபடன்னு சுத்திக்கிட்டு இருக்கு. யாரும் நிறுத்தல.

வயலைத் தாண்டி ஃபேக்டரி சைரன் ஊதினப்பதான் நின்னாங்க. ரெண்டு பேரும் ஏப்ரனைப் பிடிச்சுக்கிட்டு ஓடினாங்க. இந்தத் தடவை மார்செலும் டேங்கர்ல ஏறினா. சைக்கிளை ஜோப் அப்புறமா கொண்டு வந்து கொடுத்தார்.

மறுபடி எடுக்க நேரம் இல்ல. லூசியான் சாயங்காலம் கிளம்பிட்டார். டேப் எங்க தீந்துதோ அங்கயே பாட்டும் நின்னுச்சு. ஆல்பத்துல கடைசிப் பாட்டா அதை வெச்சாங்க, வெட்டாம ஒட்டாம.

இசைத்தட்டு வந்து சேர்ந்தப்ப இலையுதிர் காலம். மழையும் வந்துடுச்சு. ரேமோந்த் வீட்டுல ப்ளேயர் இல்ல, மார்செல் வீட்டுலதான் இருந்துச்சு. ஈரக் கோட்டுக்குள்ள தட்டை மறைச்சு எடுத்துக்கிட்டுப் போனா. மார்செல் அடுப்புல க்ரெப், அதாவது அவங்க ஊர் தோசை, ஊத்திக்கிட்டு இருந்தா. ரெண்டாவது பக்கத்தைப் போட்டாங்க. கேட்டுக்கிட்டே வந்தாங்க. தையக்காரன் வீட்டு வாசலுக்கு வந்துட்டான்.

*குதிரை எங்கடா தையக்காரான்னு கேட்டாளாம் பொண்...*

அங்க ரேமோந்த் குரல் ஒதுங்குது. தட்டு நின்னு போச்சு.

மார்செல் கரண்டியை வெச்சுக்கிட்டு அப்படியே நின்னா. "என்னை வெட்டிட்டாங்க."

"டேப் தீந்து போச்சுடி."

"அது எப்படி சரியா உன் குரல்ல தீரும்? உன் அக்கா மகன் வேலைதானே. கடைசி வார்த்தை உனக்கு."

மறுபடி ரெண்டு சீசனா? ரேமோந்த் எழுந்து போய், ஊசியைத் தூக்கி, கொஞ்சம் பின்னால வெச்சா. "ஒழுங்கா கேளு. என் குரல்ல முடியல. நீ வர வேண்டிய இடத்துல நிக்குது. உனக்காகத்தான் நிக்குது."

*குதிரை எங்கடா தையக்காரான்னு கேட்டாளாம் பொண்...*

தட்டு நின்னுச்சு. மார்செல் முறைச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம், அடுப்பைப் பாத்துக்கிட்டே, அந்த வரியை எடுத்தா. அவ எடுத்துட்டா ரேமோந்த் சும்மா இருக்க முடியுமா? க்ரெப் கருகிப் போச்சு. தையக்காரன் கதை முழுசா முடிஞ்சப்புறம்தான் ஜன்னலைத் திறந்து புகையை விட்டாங்க.

அதுக்கப்புறம் நிறைய வருஷம். ஃபேக்டரி மூடிட்டாங்க. ஜோப் போயிட்டார். ப்ரீனி பசங்களுக்கு முடியெல்லாம் கொட்டிப் போச்சு, ஒருத்தன் பல் டாக்டர். மார்செல் ஒரு பிப்ரவரி மாசம், தூக்கத்துலயே போயிட்டா. சர்ச்சுல ரேமோந்தைப் பாடச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டா.

தட்டு இப்போ ரேமோந்த் வீட்டுலதான் இருக்கு, மார்செலோட ப்ளேயரோட. ஆனா தனியா இருக்கும்போது அந்த ரெண்டாவது பக்கத்தைப் போட மாட்டா. யாராவது வரணும். தபால்காரர், நர்ஸ், யாரா இருந்தாலும் சரி, உக்கார வெச்சு ஊசியை வெப்பா. கடைசியில அந்த இடம் வரும்போது அவங்க மூஞ்சியைப் பாப்பா. அந்த ஆல்பம் கேட்டு வளர்ந்த ஊரு. பாதிப் பேருக்கு ப்ரெத்தோன் பேச வராது, ஆனா அந்த வரி எல்லாருக்கும் வரும்.

போன வாரம் கரண்ட் மீட்டர் பாக்க ஒருத்தர் வந்தார். புதுசு. அவசரத்துல இருந்தார், இன்னும் நாலு தெரு பாக்கணும்னார். ரேமோந்த் காதுலயே வாங்கல. தட்டு சுத்துச்சு, கிதார் தூக்கிட்டுப் போச்சு, தையக்காரன் வாசலுக்கு வந்தான். *கேட்டாளாம் பொண்...* சத்தம் நின்னுச்சு. அந்த ஆளு தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு, வெக்கப்பட்டு, தரையைப் பாத்துக்கிட்டு, சுருதி கொஞ்சமும் சேராம அந்த வரியை எடுத்தார்.

ரேமோந்த் கேட்டுக்கிட்டே இருந்தா. அவர் வரி முடியுற இடத்துல, தொண்ணூறு வயசுக் குரல், மெலிசா உள்ள வந்துச்சு.

முடிச்சதும் சொன்னா, "மார்செல் அளவுக்கு வராது. உக்காரு, காபி தரேன்."